எல்லாச் செலவிலும் பத்து சதவீதம் வெட்டினால் போதுமா?

கேள்வி, ஜனவரி 3

சின்னத் தொழில். என்னோடு சேர்த்து ஏழு பேர். விற்பனை குறையவில்லை, ஆனால் மாதக் கடைசியில் கணக்கில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எல்லாச் செலவிலும் பத்து பத்து சதவீதம் வெட்டிவிடலாம் என்று இருக்கிறேன். எதற்கும் ஓரவஞ்சனை இல்லாத வழி இதுதான் என்று தோன்றுகிறது. செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 4

நான் செய்து பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

நான் நடத்துவது ஒரு சிறிய ஆஃப்செட் அச்சகம். நான்கு வருடத்துக்கு முன் இதே முடிவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் ஒன்று புரிந்தது. வாடகையில் பத்து சதவீதம் வெட்ட முடியாது. கடன் வட்டியில் முடியாது. மின்சாரக் கட்டணத்தில் உடனே முடியாது. ஆக, வெட்டு முழுவதும் எதிர்த்துப் பேசாத செலவுகள் மேலேயே விழுகிறது. என் அச்சகத்தில் அவை இரண்டு: இயந்திரப் பராமரிப்பும் காகிதத்தின் தரமும்.

ரோலர் மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன். ரப்பர் இறுகிப் பளபளப்பாகிவிட்டால் ரோலர் மையைச் சீராக எடுத்துக்கொடுக்காது. காகிதத்தையும் கொஞ்சம் மலிவாக வாங்கினேன். அது தூசு விட்டது, தூசு பிளாங்கெட்டில் (மையைக் காகிதத்துக்கு மாற்றும் ரப்பர் விரிப்பில்) படிந்தது, அதைத் துடைக்க ஒவ்வொரு வேலையிலும் மெஷினை நான்கைந்து முறை நிறுத்தினோம். ஐந்தாவது மாதம் ஒரு பெரிய கையேட்டு வேலை. முதல் பக்கத்தின் நீலம் ஒரு மாதிரி, கடைசிப் பக்கத்தின் நீலம் வேறு மாதிரி. முழுதாகத் திரும்பி வந்தது. மறுபடி காகிதம், மறுபடி பிளேட் (அச்சிட வேண்டிய உருவம் பதிந்த தகடு), இரண்டு இரவு. ரோலரிலும் காகிதத்திலும் அதுவரை மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு அந்த ஒரு வேலையில் போய்விட்டது.

ஓரவஞ்சனை இல்லாமல் வெட்டுவது நியாயமாகத் தெரியும். ஆனால் செலவுகள் எல்லாம் ஒரே மாதிரியானவை இல்லை. சில செலவுகள் வேறு பெரிய செலவுகளைத் தடுத்துக்கொண்டு நிற்கின்றன.

ஜனவரி 5

சரி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையை எடுங்கள். ஒரு மாதம் போதாது. காப்பீடு, உரிமக் கட்டணம், வருடாந்தரப் பராமரிப்பு எல்லாம் ஒரு மாதத்தில் மட்டும் தலைகாட்டும். வெளியே போன ஒவ்வொரு தொகையையும் யாருக்குப் போனது என்ற பெயரில் கூட்டுங்கள். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். கணக்கரிடம் கொடுத்து வாங்காதீர்கள், நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

என் பட்டியலில் 71 பெயர்கள் வந்தன. முதல் ஆறு பெயர்களே பணத்தில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொண்டிருந்தன. காகிதம், சம்பளம், வங்கி, பிளேட், மின்சாரம், வாடகை. மீதி 65 பெயர்களோடு சண்டை போட்டுத்தான் அதற்கு முந்தைய வருடம் முழுவதையும் கழித்திருந்தேன். தரக் கட்டுப்பாட்டில் பேர் பெற்ற ஜோசப் ஜுரான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: சில காரணங்களே பெரும்பகுதி இழப்பை உண்டாக்குகின்றன. இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோவின் பெயரை இதற்கு வைத்தவரும் அவர்தான்.

முதல் ஆறை மட்டும் பாருங்கள். மற்றதைத் தொடவே வேண்டாம்.

ஜனவரி 5, இரவு

கடைசி வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன்.

சின்னச் செலவுகளிலும் ஒரு வகையைத் தொட்டே ஆக வேண்டும்: தானாகப் பிடித்துக்கொள்ளப்படுபவை. யாரும் கையெழுத்துப் போடாமல், யாரும் கேட்காமல் மாதாமாதம் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். என் பட்டியலில் 40-ஆவது இடத்துக்குக் கீழே ஒரு வடிவமைப்பு மென்பொருளுக்கு இரண்டு சந்தா இருந்தது. இரண்டாவது சந்தா யாருக்காக எடுத்தோமோ அந்தப் பெண் வேலையை விட்டுப் போய் 14 மாதம் ஆகியிருந்தது. பயன்படுத்தாத ஒரு தொலைபேசி இணைப்பு, இரண்டு மடங்கு கொள்ளளவில் எடுத்து வைத்திருந்த இணையதள இடம், இப்படி இன்னும் மூன்று. எல்லாவற்றையும் நிறுத்த ஒரு மணி நேரம்தான் ஆனது. யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

ஜனவரி 9

முதல் பெயருக்கு வருகிறேன். காகிதம்.

இதில் மிச்சம் பிடிக்க எல்லாரும் செய்வது விற்பவரிடம் பேரம் பேசுவது. நானும் பேசினேன். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம், அதற்கு மேல் நகரவில்லை. பிறகு ஒருநாள் கட்டிங் மெஷினுக்குக் கீழே விழுந்து கிடந்த துண்டுகளைப் பார்த்தேன். விலை கொடுத்து வாங்கிய காகிதம் அது. அங்கேதான் பணம் கிடந்தது.

ஒரு உண்மையான வேலையையே சொல்கிறேன். வாடிக்கையாளர் ஒரு மடிப்பு அட்டை கேட்டார். விரித்த அளவு 160க்கு 230 மில்லிமீட்டர். வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் விட்டால் 166க்கு 236. எங்கள் காகிதம் 25க்கு 36 அங்குலம், அதாவது ஏறக்குறைய 635க்கு 914 மில்லிமீட்டர். காகிதத்தின் இழை மடிப்போடு ஓடும்படி ஒரே திசையில் அடுக்கினால் ஒரு ஷீட்டில் 9 அட்டைதான் வரும். சிலவற்றைத் திருப்பி வைத்தால் 11, 12 வரை போகலாம், ஆனால் திருப்பி வைத்தவற்றில் இழை மடிப்புக்குக் குறுக்கே ஓடும், தடித்த அட்டை மடிக்கும் இடத்தில் வெடித்துவிடும். ஆகவே 9.

அதே அட்டை ஏ5 அளவானால், அதாவது 148க்கு 210 ஆனால், வெட்டோரம் சேர்த்து 154க்கு 216. அகலத்தில் நான்கு, நீளத்தில் நான்கு. மொத்தம் 16. கிரிப்பர் (மெஷினில் காகிதத்தின் ஓரத்தைப் பிடிக்கும் விரல்கள்) பிடிக்கவும் இடம் மிஞ்சுகிறது.

பத்தாயிரம் அட்டைக்கு முதல் அளவில் 1,112 ஷீட். இரண்டாவது அளவில் 625. சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் காகிதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. எந்தக் காகித வியாபாரியும் எனக்கு இவ்வளவு தள்ளுபடி தரமாட்டார்.

வாடிக்கையாளரிடம் இரண்டு அளவையும் வெட்டி, கையில் கொடுத்துக் காட்டினேன். மிச்சமாவதில் பாதியை விலையில் குறைப்பதாகவும் சொன்னேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, ஏ5 என்று சொல்லிவிட்டார். 160க்கு 230 என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்டேன். வடிவமைப்பவர் திரையில் கண்ணுக்கு அழகாக இருந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். அன்றிலிருந்து விலை சொல்வதற்கு முன்பே ஷீட்டில் எத்தனை வரும் என்று பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

ஜனவரி 10

"எனக்கு அச்சகம் இல்லையே, இதில் எனக்கு என்ன இருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெரிய துண்டை வாங்கிச் சின்னத் துண்டாக வெட்டும் எல்லாத் தொழிலிலும் இது இருக்கிறது. தையல் கூடத்தில் துணிமேல் வெட்டுருவங்களை அடுக்குவது, தச்சு வேலையில் எட்டடிக்கு நாலடிப் பலகை, வெல்டிங் பட்டறையில் 6 மீட்டர் குழாய். 6 மீட்டர் குழாயில் 1.25 மீட்டர் துண்டு வெட்டினால் 4 வரும், ஒரு மீட்டர் வீண். துண்டை 1.2 மீட்டராக்கினால் 5 வரும், ஒன்றும் வீணில்லை. வடிவமைக்கும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். வெட்டும்போது கேட்டால் காலம் கடந்துவிடும்.

ஜனவரி 10, மாலை

பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என் கணக்கைத் திருத்தியிருக்கிறார், அவருக்கு நன்றி. ரம்பமும் இடம் எடுத்துக்கொள்ளும். ஒரு வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் என்றால் நான்கு வெட்டுக்கு 12 மில்லிமீட்டர் போய்விடும். கடைசித் துண்டு 1,188 மில்லிமீட்டர்தான் இருக்கும், மற்றவற்றோடு சேராது. துண்டை 1,195 ஆக வைத்தால் ஐந்தும் ஒரே அளவில் வரும், ஐந்தாவது வெட்டும் போக 10 மில்லிமீட்டர் கையில் மிஞ்சும். கையில் வேலை செய்பவர்களிடம் கேட்காமல் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

ஜனவரி 16

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதைப் பற்றிச் சிலர் எழுதியிருக்கிறார்கள். என் அனுபவம் இது.

ஆறு மாதத்துக்கான காகிதத்தை ஒரே தடவையில் வாங்கினால் 4 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். வாங்கினேன். பணம், ஓடி கணக்கிலிருந்து (ஓவர்டிராஃப்ட், இருப்புக்கு மேல் எடுக்க வங்கி தரும் கடன்) எடுத்தது, வட்டி வருடத்துக்கு 12 சதவீதம். ஆறு மாதச் சரக்கு சீராகத் தீர்ந்தால் ஒவ்வொரு ஷீட்டும் சராசரியாக மூன்று மாதம் கிடங்கில் கிடக்கிறது. மூன்று மாத வட்டி 3 சதவீதம். வழக்கம்போல மாதாமாதம் வாங்கியிருந்தால் சராசரி அரை மாதம்தான், வட்டி அரை சதவீதம். ஆக, தள்ளுபடிக்காக நான் கூடுதலாகக் கொடுத்த வட்டி இரண்டரை சதவீதம். கையில் நின்றது ஒன்றரை.

அந்த ஒன்றரையும் நிற்கவில்லை. சுவர் ஓரமாக அடுக்கியிருந்த ரீம்கள் ஈரம் பிடித்து அலையலையாக வளைந்துவிட்டன. அலையடித்த காகிதம் மெஷினில் நேராகப் போகாது. நூறு ரீமில் இரண்டு ரீம் அப்படிப் போனாலே கணக்கு நஷ்டத்தில் முடிகிறது, எங்களுக்கு அதற்கு மேலேயே போனது. இன்னொன்று, நடுவில் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் 100 ஜிஎஸ்எம்மிலிருந்து (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) 80 ஜிஎஸ்எம்முக்கு மாறிவிட்டார். வாங்கிக் குவித்த 100 ஜிஎஸ்எம் ஒரு வருடத்துக்கு மேல் என் கண் முன்னாலேயே கிடந்தது.

ஒரு தடவையில் எவ்வளவு வாங்குவது என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் 1913-லேயே ஒரு சூத்திரம் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு முறை வாங்குவதற்கும் ஆகும் செலவை ஒரு பக்கமும், வைத்திருப்பதற்கு ஆகும் செலவை மறுபக்கமும் நிறுத்தி, இரண்டும் சமமாகும் இடத்தைப் பார்ப்பது அது. அதில் ஒரு வர்க்கமூலம் வருகிறது. அதனால் உங்கள் பயன்பாடு நான்கு மடங்கானாலும் ஒரு தடவை வாங்கும் அளவு இரண்டு மடங்கானால் போதும். நான் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்து வாங்குவதில்லை. ஆனால் வைத்திருப்பதும் ஒரு செலவுதான் என்பதை அது என் மண்டையில் ஏற்றியது.

ஜனவரி 17

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் தள்ளுபடியே வாங்கக்கூடாதா" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. மொத்தமாக வாங்கினால் தரும் தள்ளுபடி வேறு, சீக்கிரம் பணம் கொடுத்தால் தரும் தள்ளுபடி வேறு.

பிளேட் கொடுப்பவர் எனக்கு 30 நாள் தவணை தருகிறார், 10 நாளில் கொடுத்தால் 2 சதவீதம் குறைத்துக்கொள்கிறார். பல வருடம் நான் 30-ஆவது நாள்தான் கொடுத்தேன். பணம் இருபது நாள் கையில் இருக்கிறதே என்ற சந்தோஷம். கணக்குப் போட்டால், 98-ஐ இருபது நாள் வைத்திருப்பதற்காக 2 கொடுக்கிறேன். வருடத்தில் இருபது நாள் 18 தடவை வருகிறது. வருட வட்டியாக மாற்றினால் சுமார் 37 சதவீதம். 12 சதவீத ஓடி கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் எனக்கே லாபம். இப்போது 9-ஆவது நாள் கொடுத்துவிடுகிறேன்.

ஜனவரி 22

பாக்கி வசூல். இதைச் செலவுக் குறைப்பு என்று யாரும் சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரியது. முதலில் கேள்வி கேட்டவருக்கு விற்பனை இருக்கிறது, பணம் இல்லை. எனக்கும் அதே நிலைதான் இருந்தது.

பில் போட்டு, பணம் வருவதற்கு எங்களுக்குச் சராசரி 70 நாள் ஆனது. அந்த எழுபது நாளும் காகிதத்துக்கும் சம்பளத்துக்கும் நான்தான் வட்டிக்கு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்று வருத்தமாகவே இருந்தேன். ஒருநாள் ஒரு பெரிய வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்து, ஏன் தாமதம் என்று பொறுமையாகக் கேட்டேன். அந்தப் பெண் என் பில்லை எடுத்துக் காட்டினார். அவர்களுடைய கொள்முதல் ஆணை எண்ணை நாங்கள் பில்லில் எழுதுவதே இல்லை. எண் இல்லாத பில் ஒரு தட்டில் ஒதுங்கிவிடும், யாராவது விசாரித்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். மூன்று வருடமாக எங்கள் பில்கள் அந்தத் தட்டில்தான் கிடந்திருக்கின்றன.

மாற்றியது மூன்றுதான். சரக்கு போகும் நாளிலேயே பில், மாதக் கடைசி வரை சேர்த்து வைப்பதில்லை. பில்லில் ஆணை எண் கட்டாயம். புது வாடிக்கையாளரிடம் பாதி முன்பணம். அப்புறம் ஒவ்வொரு செவ்வாயும் காலை பத்து மணிக்கு ஒரே ஆள், அதே மரியாதையான குரலில், தேதி தாண்டியவர்களை அழைப்பார். எட்டு மாதத்தில் 70 நாள் 38 ஆனது. ஓடி கணக்கைப் பாதியாகக் குறைத்தோம். வட்டி பாதியானது. இதற்காக நான் எதையும் வெட்டவில்லை.

ஜனவரி 23

கடன் பற்றிக் கேட்டவருக்கு ஒரு வார்த்தை. "பத்து சதவீதம் ஃபிளாட்" என்று சொன்னால் அதைப் பத்து சதவீதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வரும், வட்டியோ முதல் நாள் அசலுக்கே கடைசி வரை கணக்கிடப்படும். மூன்று வருடத் தவணையில் பத்து சதவீத ஃபிளாட் என்பது குறையும் அசல் முறையில் ஏறக்குறைய 18 சதவீதம். குறையும் அசலில் 14 சதவீதம் கேட்ட வங்கியை விட்டுவிட்டு, இதை மலிவு என்று நம்பி ஒரு மடிப்பு இயந்திரம் வாங்கினேன். அந்தத் தவணை முடிந்த மாதம் நன்றாக நினைவிருக்கிறது.

பிப்ரவரி 2

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். சம்பளச் செலவு.

அந்தப் பத்து சதவீத வருடத்தில் எங்கள் மூத்த மெஷின்மேனை வேலையிலிருந்து நிறுத்தினேன். அதிகச் சம்பளம் வாங்கியவர் அவர்தான். அவருடைய சம்பளத்தில் இரண்டு இளைஞர்களை வைக்கலாம் என்று காகிதத்தில் தெரிந்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. தன் கத்தியையும் பூதக்கண்ணாடியையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, "ரெண்டாவது யூனிட்ல தண்ணி ரோலர் கொஞ்சம் இடது பக்கம் இறுக்கமா இருக்கும் தம்பி, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இருந்தவரை ஒரு வேலையைத் தொடங்கி நிறம் சரியாக உட்கார 60 ஷீட் வீணாகும். அவர் போன பிறகு 200. ஒரு நாளைக்கு ஆறு வேலை என்றால் 840 ஷீட் கூடுதலாகக் குப்பைக்குப் போகிறது. ரீமுக்கு 500 ஷீட். தினமும் ஒன்றரை ரீமுக்கு மேல். இதில் மெஷின் சும்மா ஓடிய நேரம், மை, திரும்பி வந்த வேலைகள் எதையும் சேர்க்கவில்லை. அவருடைய சம்பளம் என் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகத் தெரிந்தது. அவர் மிச்சப்படுத்திக் கொடுத்தது எந்த வரியிலும் இல்லை. அதனால் நான் பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். வாரத்தில் மூன்று நாள் வருகிறேன், அந்த இரண்டு பையன்களையும் நிறுத்தக்கூடாது, நான் பழக்கிக் கொடுக்கிறேன் என்று சொன்னார். அப்படியே நடந்தது. இன்று அந்த இருவரும் 70, 80 ஷீட்டில் நிறத்தைப் பிடிக்கிறார்கள்.

ஆட்குறைப்பு எப்போதுமே தப்பு என்று நான் சொல்லவில்லை. வேலையே இல்லாமல் போனால் வேறு வழி இல்லாமல் போகலாம். ஆனால் யாரை நிறுத்துகிறோமோ அவர் எதையெல்லாம் நடக்காமல் தடுத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்க்காமல் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

பிப்ரவரி 3

"சம்பளம்தான் எங்களுக்கு முதல் செலவு, அதைத் தொடாமல் என்ன செய்வது" என்ற கேள்வி நியாயமானது. சம்பளத்தை விட்டுவிட்டு ஓவர்டைமைப் பாருங்கள். ஓவர்டைம் ஏன் வருகிறது?

எங்களிடம் அது வேலையை வரிசைப்படுத்தாததால் வந்தது. மெஷினில் கறுப்பு மை ஓடிய யூனிட்டில் அடுத்து மஞ்சள் போட்டால் முழுக்கக் கழுவ வேண்டும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகும்படி அன்றைய வேலைகளை அடுக்கினால் கழுவுவது பெரிதும் குறைகிறது. இன்னொன்று, மெஷின் நின்ற பிறகுதான் அடுத்த வேலையின் பிளேட்டைத் தேடப் போவோம். ஜப்பானியப் பொறியாளர் ஷிகெயோ ஷிங்கோ சொன்ன வழி எளிமையானது: மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலைகளையும் ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலைகளையும் பிரித்துவிட வேண்டும். பெரிய அழுத்த இயந்திரங்களில் மணிக்கணக்கில் ஆன டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றத்தை அவர் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவந்தார். நாங்கள் பிளேட், மை, காகிதம் மூன்றையும் முந்தைய வேலை ஓடும்போதே மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாற ஆன 50 நிமிடம் 25 ஆனது. மாலை ஆறுக்கு எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். அதற்காகச் சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தியும் கொடுத்தேன், அப்படியும் மொத்தம் குறைந்துதான் இருக்கிறது.

பிப்ரவரி 11

மின்சாரம். விளக்கை எல்இடிக்கு மாற்றுங்கள், அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

காற்றுக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. எல்லா மெஷினும் நின்ற ஒரு விடுமுறை மாலையில் கம்ப்ரசரை மட்டும் போடுங்கள். காற்றை யாரும் பயன்படுத்தாதபோது அது ஒரு தடவை அழுத்தம் ஏற்றிவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். எங்களுடையது அப்படி இல்லை. 2 நிமிடம் ஓடும், 6 நிமிடம் நிற்கும், மறுபடி 2 நிமிடம். ஓடிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு கிடைத்துவிடும். எட்டில் இரண்டு, 25 சதவீதம். கம்ப்ரசர் உண்டாக்கக்கூடிய காற்றில் கால் பங்கு எந்த வேலையும் செய்யாமல் போய்க்கொண்டிருந்தது.

சோப்புத் தண்ணீரும் தூரிகையுமாக நானும் ஒரு பையனும் குழாய் நெடுக நடந்தோம். குமிழி வந்த இடத்தில் சாக்பீஸ் குறி. 11 இடம். பெரும்பாலும் இணைப்புகளும் பழைய ஹோஸ்களும்தான். மாற்றிய பிறகு 1 நிமிடம் ஓடி 14 நிமிடம் நின்றது, 7 சதவீதத்துக்கும் கீழ். அன்றைக்கு அந்த அறை எவ்வளவு அமைதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்தச் சீறல் சத்தத்தை இத்தனை வருடம் கம்ப்ரசரின் சத்தம் என்றே நினைத்திருந்தோம்.

பிப்ரவரி 12

கபாசிட்டர் போடலாமா என்ற கேள்விக்கு: முதலில் உங்கள் பில்லைப் பாருங்கள். கேவிஏ அளவிலோ (மெஷின்கள் இழுக்கும் மொத்த மின்திறன்) திறன் காரணிக்கோ (அதில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம்) கட்டணம் வசூலித்தால் கபாசிட்டர் பலன் தரும். யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் என்றால் பில்லில் பெரிதாக எதுவும் மாறாது. பிளக்கில் செருகினால் மின்சாரம் மிச்சம் என்று விற்கும் பெட்டிகளை வாங்க வேண்டாம்.

பிப்ரவரி 20

விற்பனையைக் கூட்டினால் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விலையைக் குறைத்து விற்பனையைக் கூட்டப் போகிறார் என்றும் தெரிகிறது. ஒரு நிமிடம் நிறுத்தி இதைப் பாருங்கள்.

100க்கு விற்கும் பொருளில் நேரடிச் செலவு 70 என்றால் நிற்பது 30. பத்து சதவீதம் குறைத்தால் நிற்பது 20. பழைய 30-ஐ எடுக்க ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். ஒன்றரை மடங்கு வேலையை அதே ஆட்கள் அதே மெஷினில் செய்ய வேண்டும். முடியுமா?

மறுபக்கமும் இதே கணக்குதான். நிகர லாபம் 8 சதவீதம் என்றால், வீணாகப் போகும் 8-ஐ நிறுத்துவது 100க்கு விற்றதில் கடைசியில் நிற்கும் லாபத்துக்குச் சமம். ஒரு வேலை திரும்பி வந்து மறுபடி அச்சடித்தால் காகிதம், பிளேட், மைக்கு 60 போகிறது. அதே அளவில் ஏழரை வேலைகளின் லாபம் அது. ஜனவரி 4-இல் சொன்ன அந்த நீல நிறக் கையேட்டுக்கு நான் எத்தனை வேலை செய்து ஈடு கட்டினேன் என்று இப்போது புரியும்.

எனக்குப் பணம் போனதெல்லாம் வாங்கும் இடத்தில் இல்லை. கிடக்கும் இடத்திலும் மறுபடி செய்யும் இடத்திலும் போனது.

மார்ச் 1

முதலில் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மிக்க மகிழ்ச்சி. பன்னிரண்டு மாதப் பட்டியலை அவரே உட்கார்ந்து போட்டிருக்கிறார். முதல் மூன்று பெயர்களில் ஒன்று வங்கி வட்டி, அதைப் பார்த்து அதிர்ந்துபோயிருக்கிறார். பாக்கி 90 நாளுக்கு மேல் ஓடுகிறதாம்.

கூடவே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். கூரியர், தொலைபேசி, பொதியும் பொருட்கள் மூன்றுக்கும் வேறு இடங்களில் விலை கேட்டு, பழையவர்களிடமே காட்டி, பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்துவிட்டார். ஆக, பத்து சதவீதம் வேண்டவே வேண்டாம் என்று நான் முதல் நாள் ஒரே போடாகப் போட்டது சரியில்லை. அதே பொருள், அதே தரம், வேறு விலை என்றால் பேசிப் பார்ப்பதில் தவறே இல்லை. நான் பயப்படுவது, விலை குறையும்போது கூடவே வேறு ஏதோ குறைகிறதே, அதற்குத்தான்.

அவருக்கு அடுத்த வேலை: 90 நாளில் பாதி யாருடைய தாமதம் என்று கண்டுபிடிப்பது. மூன்று பெரிய வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு நேரில் போய் வாருங்கள். பில்லின் நகலை எடுத்துப் போங்கள்.

மார்ச் 9

திரும்பி வரும் வேலைகளை எப்படிக் குறைத்தோம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. ஏதாவது வீணானால் யாராக இருந்தாலும் எழுத வேண்டும்: தேதி, வேலை, எத்தனை ஷீட், என்ன காரணம். யார் தவறு என்ற கட்டம் அதில் கிடையாது. முதலில் அந்தக் கட்டத்தை வைத்திருந்தேன். இரண்டு வாரம் நோட்டு வெறுமையாகவே இருந்தது, ஷீட்டுகள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன. கட்டத்தை அடித்த பிறகுதான் எழுதத் தொடங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். டொயோட்டாவில் பழக்கத்தில் இருந்த முறை: ஏன் என்று ஐந்து தடவை கேட்பது. ஒரு வாரம் இப்படிப் போனது. அழைப்பிதழில் தேதி தப்பு, ஏன்? பழைய கோப்பு அச்சுக்குப் போனது. ஏன்? திருத்திய கோப்புக்கும் அதே பெயர். ஏன்? திருத்தத்தைத் தொலைபேசியில் சொன்னார்கள், அவசரத்தில் மேலேயே சேமித்தோம். ஏன் தொலைபேசியில்? புரூஃபில் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் நகலில்) கையெழுத்து வாங்கும் வழக்கம் இல்லை. ஏன் இல்லை? வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரோ என்று நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஐந்தாவது ஏன் என்னிடமே வந்து நின்றது.

இப்போது கையெழுத்து இல்லாமல் பிளேட் போடுவதில்லை. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மார்ச் 15

காப்பீட்டைக் குறைக்கலாமா, தீயணைப்புக் கருவி நிரப்புவதைத் தள்ளிப்போடலாமா, கோப்புகளின் நகலை வேறு இடத்தில் வைப்பதற்கான செலவு தேவையா என்று மூன்று கேள்விகள் சேர்ந்து வந்திருக்கின்றன.

வரிசையாகப் பதில்: குறைக்காதீர்கள், தள்ளாதீர்கள், தேவை. காப்பீட்டில் மட்டும் ஒரு சிறிய வழி உண்டு. சின்னச் சேதத்தை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் தவணை குறையும். பெரிய சேதத்துக்கான தொகையில் கைவைக்காதீர்கள். புதுப்பிக்கும்போது மெஷின்களின் இன்றைய மதிப்பையும் பாருங்கள், என்னுடைய பத்திரத்தில் விற்றுவிட்ட ஒரு பழைய மெஷின் மூன்று வருடமாக இருந்தது, புதிதாக வாங்கிய மடிப்பு இயந்திரம் இல்லை. நாளை காலை முதல் வேலையாக உங்கள் பத்திரத்தை எடுத்து ஒவ்வொரு வரியாக மெஷின் முன்னால் நின்று சரிபாருங்கள்.